புதுக்கோட்டை சமஸ்தானம்: ஒரு சின்ன ராஜ்யம் 262 வருஷம் நிலைத்த கதை

1948 மார்ச் வரை திருச்சியிலிருந்து காரைக்குடிக்குப் போகிறவர்கள் நடுவில் இன்னொரு ராஜ்யத்தைக் கடந்துதான் போனார்கள். சுற்றிலும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மெட்ராஸ் மாகாணம். நடுவில் 1,179 சதுர மைல் பரப்பில் புதுக்கோட்டை. அதற்கென்று தனி ராஜா, தனி திவான், தனி நீதிமன்றம், தனிப் போலீஸ், தனி வரி. சின்னதாக ஒரு செப்புக் காசுகூடத் தனியாக இருந்தது. 1941 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 4 லட்சத்து 38 ஆயிரம்.

இந்த மாதிரி நாடுகளைத்தான் சமஸ்தானம் என்கிறோம். இந்தியா முழுவதையும் வெள்ளைக்காரன் ஆண்டான் என்று பொதுவாகச் சொன்னாலும் நேரடியாக அவன் கையில் இருந்தது ஒரு பகுதிதான். மீதி 560-க்கும் மேற்பட்ட ராஜாக்கள், நவாபுகளின் கையில் இருந்தது. ஹைதராபாத் போல ஒரு ஐரோப்பிய தேசத்தின் அளவுக்கு இருந்தவையும் உண்டு, நாலைந்து கிராமங்களோடு முடிந்துபோனவையும் உண்டு. மெட்ராஸ் அரசின் மேற்பார்வையில் ஐந்து சமஸ்தானங்கள் இருந்தன: திருவிதாங்கூர், கொச்சி, புதுக்கோட்டை, பங்கனப்பள்ளி, சண்டூர். இன்றைய தமிழ்நாட்டுக்குள் முழுசாக அடங்குவது புதுக்கோட்டை ஒன்றுதான். (கன்னியாகுமரிப் பக்கம் திருவிதாங்கூரின் ஒரு பகுதி.)

இங்கே புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ராமநாதபுரம் சமஸ்தானம், சிவகங்கை சமஸ்தானம், எட்டயபுரம் சமஸ்தானம் என்றெல்லாம் ஊரில் சொல்வார்களே, அவையெல்லாம் என்ன? பேச்சில் அப்படிச் சொன்னாலும் கம்பெனி ஆட்சி வேரூன்றிய பிறகு அவை ஜமீன்களே. ஜமீன்தார் தன் நிலத்துக்கு அரசுக்கு வருஷா வருஷம் 'பேஷ்குஷ்' கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்கு வரும். அவருடைய ஊர்களில் நடந்தது பிரிட்டிஷ் சட்டம், பிரிட்டிஷ் போலீஸ், பிரிட்டிஷ் நீதிமன்றம். சமஸ்தானத்தில் இவை ராஜாவுடையவை. புதுக்கோட்டை ராஜா யாருக்கும் கப்பம் கட்டவில்லை. ஆனால் அவர் இன்னொரு நாட்டோடு சண்டை போடவோ உடன்படிக்கை செய்யவோ முடியாது. தனக்குப் பின் யார் பட்டத்துக்கு வருவது என்பதைக்கூடத் தன்னிஷ்டப்படி முடிவு செய்துவிட முடியாது. உள்ளே ராஜா, அவர் ராஜாதான் என்று ஒப்புக்கொள்கிறவர் வெளியே. என் பார்வையில் புதுக்கோட்டையின் வரலாறு முழுக்க இந்த ஒப்புதலைச் சுற்றித்தான் ஓடுகிறது.

சேதுபதி கொடுத்த நாடு

அந்த ஒப்புதலை முதலில் கொடுத்தவர் வெள்ளைக்காரர் இல்லை, ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி. கறம்பக்குடிப் பக்கம் அம்புநாட்டைச் சேர்ந்த கள்ளர் குலத் தலைவர் குடும்பம் தொண்டைமான்கள். அந்தக் குடும்பத்துப் பெண் காதலி நாச்சியாரைக் கிழவன் சேதுபதி மணந்தார். காதலியின் அண்ணன் ரகுநாதத் தொண்டைமான் சேதுபதியின் படையில் பேர் எடுத்தவர். அப்போது வெள்ளாற்றுக்குத் தெற்கே இருந்த பகுதியைப் பல்லவராயர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். சேதுபதி அவர்களை விலக்கிவிட்டு, 1686 வாக்கில் மைத்துனரை அங்கே அமர்த்தினார். புதுக்கோட்டையின் தொடக்கம் இதுதான். வடக்கே குளத்தூரில் ரகுநாதரின் தம்பி நமனத் தொண்டைமான் தனிப் பாளையம் நடத்தினார். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அதுவும் புதுக்கோட்டையோடு சேர்ந்துவிட்டது.

இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளாறு ரொம்பக் காலமாகவே சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லையாக இருந்த ஆறு. சங்க காலத்திலிருந்து பேசப்படும் கொடும்பாளூர், அங்கே ஆண்ட இருக்குவேளிர், சித்தன்னவாசல் ஓவியம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு எல்லாம் இந்தச் சின்னப் பரப்புக்குள் இருப்பவை. பெரிய ராஜ்யங்கள் இரண்டு மோதிக்கொள்ளும் ஓரத்தில் இருந்ததால் இந்த நிலத்துத் தலைவர்களுக்கு ஒரு கலை கைவந்தது: எந்தப் பக்கம் நிற்பது, எப்போது நிற்பது என்று தெரிந்துகொள்வது. தொண்டைமான்களுக்கு அது நன்றாகவே வந்தது. கிழவன் சேதுபதிக்குப் பிறகு ராமநாதபுரத்தில் பட்டத்துக்குச் சண்டை வந்தபோது, செய்த உதவிக்கு ஈடாகத் திருமயம் கோட்டை அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாவது ராஜா விஜயரகுநாதராயத் தொண்டைமான் காலத்தில் (1730–1769) நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவத்தைப் புதுக்கோட்டைக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். மௌன விரதத்தில் இருந்த சதாசிவ பிரம்மேந்திரரை ராஜா திருவரங்குளம் காட்டில் சந்தித்தார். சுவாமிகள் பேசவில்லை, தட்சிணாமூர்த்தி மந்திரத்தை மணலில் எழுதிக் காட்டினார். அந்த மணலை ராஜா மேல்துண்டில் வாரி முடிந்து கொண்டுபோய் அரண்மனையில் வைத்துப் பூஜித்தார் என்பது ஐதீகம்.

அரிசி கொடுத்து வாங்கிய ராஜ்யம்

சமஸ்தானம் பிழைத்ததற்கு உண்மையான காரணத்தைத் தேடினால் 1751 முதல் 1754 வரை நடந்த திருச்சிராப்பள்ளி முற்றுகைக்குப் போக வேண்டும். ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிப்பும் முகமது அலியும் போட்டி. சந்தா சாகிப்புக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள், முகமது அலிக்குப் பின்னால் ஆங்கிலேயர்கள். முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். தொண்டைமான் அவர் பக்கம் நின்றார். 400 குதிரைப்படையும் 3,000 கள்ளர் காலாட்படையும் அனுப்பினார். ஆனால் அந்தப் படையைவிடப் பெரிய உதவி, சோறு.

மூன்று வருஷம் முற்றுகை தாங்க வேண்டும் என்றால் கோட்டைக்குள் இருக்கிறவர்களுக்கும் வெளியே முகாமிட்டிருக்கும் ஆங்கிலப் படைக்கும் நெல்லும் கால்நடையும் வந்துகொண்டே இருக்க வேண்டும். திருச்சிக்குத் தெற்கே உள்ள தொண்டைமான் காட்டு வழிகளில்தான் பொதிமாடுகள் ராத்திரி ராத்திரியாக வந்தன. இதை நிறுத்தினால் திருச்சி விழுந்துவிடும் என்பது பிரெஞ்சுக்காரர்களுக்கும் தெரியும். 1754-ல் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் தொண்டைமான் நாட்டுக்குள்ளேயே நுழைந்தன. ஜனங்கள் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். வந்த படைக்கு எரிப்பதற்குக் கூரை வீடுகள்தான் கிடைத்தன. போரைப் பற்றி எழுதுகிறவர்கள் கிளைவையும் லாரன்சையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வீட்டை எரியவிட்டுக் காட்டில் உட்கார்ந்திருந்த இந்த ஜனங்கள் இல்லாவிட்டால் அந்தப் போர் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அன்று தொடங்கிய உறவு பிறகு அறுபடவே இல்லை. ஹைதர் அலி படையெடுத்தபோதும் புதுக்கோட்டை ஆங்கிலேயர் பக்கம்தான். அப்புறம் வந்தது 1799.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்த பிறகு வீரபாண்டிய கட்டபொம்மன் வடக்கே தப்பி வந்து புதுக்கோட்டைக் காட்டுக்குள் இருந்தார். அப்போதைய ராஜா விஜயரகுநாதத் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் அவரைத் தூக்கிலிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து மருது சகோதரர்களை எதிர்த்த போரிலும் தொண்டைமான் படை கம்பெனிக்காகப் போனது. தமிழ்நாட்டில் பலருக்குப் புதுக்கோட்டை சமஸ்தானம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காட்டிக்கொடுத்த கதைதான். அது நடந்தது, அதை மழுப்ப வேண்டியதில்லை. அன்றைக்கு 'இந்தியா' என்ற எண்ணம் இல்லை, எல்லாப் பாளையக்காரர்களும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களே என்று சமாதானம் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனாலும் அடைக்கலம் தேடி வந்தவரைப் பிடித்துக் கொடுத்தது அந்தக் காலத்து நியாயப்படியும் சின்ன விஷயம் இல்லை.

கிடைத்த கூலி என்ன? தஞ்சாவூரோடு நெடுநாள் தகராறில் இருந்த கீழாநிலைக் கோட்டையும் பகுதியும் 1803-ல் தொண்டைமானுக்குத் தரப்பட்டன. லண்டனில் கம்பெனி இயக்குநர்கள் 1806-ல் அதை உறுதி செய்தார்கள். நிபந்தனைகள் இரண்டு: அந்த நிலத்தை வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, வருஷத்துக்கு ஒரு யானை காணிக்கையாகத் தர வேண்டும். யானையை யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836-ல் அந்த நிபந்தனையை முறைப்படி நீக்கிவிட்டார்கள்.

அதே 1803-ல் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வருஷம்தான் ராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன்களாக்கப்பட்டன. நாட்டைக் கொடுத்த சேதுபதி வம்சம் ஜமீன்தாரி ஆனது. வாங்கிக்கொண்ட தொண்டைமான் வம்சம் ராஜாவாகவே நீடித்தது.

கலெக்டரின் நிழலில்

1807-ல் ராஜா இறந்தபோது மகன்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக (அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக) இருந்த பிளாக்பர்ன் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டார். 1812-ல் ஊர் தீப்பற்றி எரிந்த பிறகு நேர் நேரான அகலத் தெருக்களோடு புதுக்கோட்டையை அமைத்தது அவர் காலத்தில்தான். ராஜ வீதிகளில் நடந்தால் இன்றைக்கும் அந்தத் திட்டம் தெரியும். பிறகு ரெசிடெண்ட் பதவி போய், மேற்பார்வை மதுரை கலெக்டருக்கும், அவரிடமிருந்து தஞ்சாவூர் கலெக்டருக்கும், கடைசியில் திருச்சி கலெக்டருக்கும் மாறியது. பட்டம் கட்டிய ராஜாவுக்குப் பக்கத்து ஜில்லாக் கலெக்டர் 'பொலிட்டிக்கல் ஏஜெண்ட்'! சின்ன சமஸ்தானம் என்பதன் பொருள் நடைமுறையில் இதுதான். பெரிய சமஸ்தானங்களுக்கு முழுநேர ரெசிடெண்ட் இருந்தார். புதுக்கோட்டைக்கு அது கலெக்டருடைய வேலைகளில் ஒன்று.

ராமச்சந்திரத் தொண்டைமான் (1839–1886) செலவாளி. கடன் ஏறியது, நிர்வாகம் கெட்டது, கண்டனமாக அவருடைய மரியாதைப் பட்டத்தைக்கூட ஆங்கில அரசு பறித்துத் திரும்பக் கொடுத்தது. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று தலைக்கு மேல் இருந்தது. 1855-ல் தஞ்சாவூர் ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கம்பெனி அந்த ராஜ்யத்தையே இல்லை என்று ஆக்கிவிட்டது. ராமச்சந்திரருக்கும் பட்டத்துக்கு வர மகன் இல்லை. ஆனால் 1857 கலகத்துக்குப் பிறகு ஆங்கிலேயரின் கொள்கை மாறி, 1862-ல் புதுக்கோட்டைக்கும் தத்து எடுக்கும் உரிமைக்கான சனது (அரசின் எழுத்துமூல ஆணை) வந்தது. மகள் வயிற்றுப் பேரனையே தத்தெடுத்தார். அந்தச் சனது வருவதற்கு முன்பே அவர் இறந்துபோயிருந்தால் தஞ்சாவூருக்கு வந்த கதிதான் புதுக்கோட்டைக்கும். 1884-ல் 11 குண்டு மரியாதையும் 'ஹிஸ் ஹைனஸ்' பட்டமும் பரம்பரை உரிமையாயின.

இந்தக் காலத்தின் உண்மையான நாயகர் என்று நான் நினைப்பது திவான் சேஷையா சாஸ்திரியை. கும்பகோணத்துக்குப் பக்கத்து அமராவதிக்காரர், திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். 1878-ல் இங்கே வந்து 1894 வரை இருந்தார். கடைசி எட்டு வருஷம் பேரன் சிறுவனாக இருந்ததால் ரீஜெண்டும் (ராஜாவுக்குப் பதிலாக ஆள்பவர்) அவரே. அவர் வந்தபோது அமானி முறை நடந்துகொண்டிருந்தது. அதாவது பணமாக வரி கிடையாது, விளைச்சலில் பங்கு. கதிர் அறுத்துக் களத்தில் போட்டதும் விவசாயி கைவைக்கக் கூடாது. சர்க்கார் ஆள் வந்து அளந்து, பங்கு பிரித்து, முத்திரை வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். மழை வந்தால் நஷ்டம், ஆள் வராவிட்டால் நஷ்டம், வந்த ஆளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காவிட்டாலும் நஷ்டம். சர்க்கார் களஞ்சியத்துக்குப் போன நெல்லிலும் பாதி வழியிலேயே காணாமல் போகும். சாஸ்திரி இதை ஒழித்து நிலத்துக்கு ரொக்கத் தீர்வை நிர்ணயித்தார். கணக்கில்லாமல் போயிருந்த இனாம் நிலங்களை (மானியமாகக் கொடுத்தவை) ஒழுங்குபடுத்தினார். அரச குடும்பத்தார் தனித்தனியாக வைத்திருந்த ஜாகீர்கள் சமஸ்தானத்தோடு சேர்ந்தன. காவிரிப் பாசனம் எட்டாத வறண்ட பூமி அது, கண்மாய்தான் உயிர். நகருக்குக் குடிநீருக்காகப் புதுக்குளம் வெட்டியது அவர் காலத்தில்தான்.

அம்மன் காசு

புதுக்கோட்டை ராஜாக்கள் 'பிரகதாம்பாள் தாஸ்' என்று பட்டம் போட்டுக்கொள்வார்கள். திருக்கோகர்ணத்தில் குடைவரைக் கோயிலில் இருக்கும் பிரகதாம்பாளே நாட்டுக்கு உரியவள், ராஜா அவளுடைய ஊழியர் என்று பாவனை. காசிலும் அவள்தான். அம்மன் காசு என்பது விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மன். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. தமிழ் நாட்டுக் காசில் தெலுங்கு ஏன் என்றால், விஜயநகரத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்து அரசவைகள் பலவற்றில் அந்த மொழிக்கு இருந்த செல்வாக்கு அப்படி. இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. நவராத்திரி நாட்களில் ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

மெல்பர்ன் கல்யாணம்

தத்துப் பேரன் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் (1886–1928) ஆங்கில ஆசிரியரிடம் வளர்ந்தவர். அவரைப் பற்றிச் சொல்லும்போது முதலில் ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி என்ற பெண் ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. ராஜா தலையிட்டு இடம் கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண் பிற்காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆனார். 1902-ல் பிரதிநிதிகள் சபையும் 1910-ல் அருங்காட்சியகமும் இவர் காலத்தில் வந்தவை.

ராஜாவுக்கு வெளிநாட்டில் இருப்பது பிடிக்கும். 1915 ஆகஸ்டில் மெல்பர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். ஆங்கில அரசு கல்யாணத்தைத் தடுக்கவில்லை; ஆனால் மோலியை ராணியாக ஏற்க மறுத்துவிட்டது. இருவரும் புதுக்கோட்டைக்கு வந்தார்கள், சில மாதங்கள் இருந்தார்கள். கர்ப்பமாக இருந்த மோலிக்கு உடம்பு முடியாமல் போனது; அரளி விஷம் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. 1916-ல் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பினார்கள். மகன் சிட்னி அங்கே பிறந்தான். அந்தப் பிள்ளைக்குப் பட்டத்துக்கு உரிமை இல்லை என்பதில் அரசு கடைசிவரை உறுதியாக நின்றது. ராஜா ஆட்சிப் பொறுப்பைச் சகோதரரிடம் ரீஜெண்டாக விட்டுவிட்டுப் பிரான்சில் குடியேறினார். 1928-ல் பாரிஸில் இறந்தார். லண்டனில் தகனம் நடந்தது.

ஒரு ராஜா யாரைக் கட்டிக்கொள்கிறார் என்பது அவர் சொந்த விஷயம். ஆனால் அவர் மகன் ராஜா ஆவானா என்பதை டெல்லியும் லண்டனும் சொல்லும். 1686-ல் சேதுபதி சொன்ன இடத்தில் 1928-ல் இந்தியா ஆபீஸ் (இந்திய விவகாரங்களைக் கவனித்த லண்டன் அலுவலகம்) சொன்னது.

பட்டம் உறவினர் குடும்பத்து ஆறு வயதுப் பையன் ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போனது. அவர் வளரும்வரையிலும் பிறகும் நிர்வாகம் பெரும்பாலும் அதிகாரிகள் கையில்தான். அவர்களில் நெடுங்காலம் இருந்தவர் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம், 1934 முதல் 1946 வரை. 1924-லேயே சட்டசபை ஒன்று வந்திருந்தது, அதற்கு அதிகாரம் குறைவு. 1929-ல் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. திருமயத்தில் பிறந்து மகாராஜா கல்லூரியில் படித்த சத்தியமூர்த்தி சென்னையில் காங்கிரஸ் தலைவராக முழங்கிக்கொண்டிருந்தார்.

1947-க்குப் பிறகு ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தவர்களே கிளம்பிவிட்டதால் சமஸ்தானங்கள் நிற்க இடம் இல்லாமல் போயிற்று. 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை மெட்ராஸ் மாகாணத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தில் ஒரு பகுதியாயிற்று. ராஜகோபாலத் தொண்டைமானுக்கு அப்போது 25 வயது. மன்னர் மானியம் 1971-ல் 26-வது அரசியல் சட்டத் திருத்தத்தால் முடிந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து 1997-ல் அவர் காலமானார்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கொடும்பாளூர் மூவர் கோயிலில் தொடங்குங்கள், பிறகு குடுமியான்மலை, திருமயம் கோட்டை, திருக்கோகர்ணம் கோயிலும் அருங்காட்சியகமும் என்று வந்தால் காலவரிசை ஓரளவு சரியாக அமையும். புது அரண்மனையைத் தேடி அலைய வேண்டாம். அதுதான் இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். இன்னொன்று: 1974 ஜனவரியில் உருவான இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் சமஸ்தானத்தைவிடப் பெரியது. அறந்தாங்கியும் ஆவுடையார்கோயிலும் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்து சேர்ந்தவை, அவை சமஸ்தானத்தில் இருந்ததில்லை. பழைய எல்லை தெரிய வேண்டுமானால் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்ற மூன்று பழைய தாலுகாக்களின் படத்தை எடுத்துப் பாருங்கள்.